இடைநின்ற பிள்ளையைத் திரும்ப வகுப்பில் உட்கார வைப்பது: கணக்கெடுப்பு முதல் இரண்டாம் ஆண்டு வரை

பள்ளி செல்லாத ஒரு குழந்தையின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற அரை மணி நேரம் போதும். அந்தக் குழந்தை அடுத்த ஜூனிலும் அதே வளாகத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மாலை, இனிப்பு, போட்டோ எல்லாம் சேர்க்கை நாளோடு முடிந்துவிடும். பிள்ளை நழுவுவது பெரும்பாலும் காலாண்டுத் தேர்வு தொடங்கி பொங்கல் கழிந்த சில வாரங்களுக்குள். அந்த மாதங்களில் கையில் ஆளும் பணமும் மிச்சம் இருக்கும்படி திட்டம் போட்டால்தான் மற்ற உழைப்பெல்லாம் தேறும்.

தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட (சமக்ர சிக்ஷா) நிதியில், இடைநின்ற பிள்ளைகளை வயதுக்கேற்ற வகுப்புக்குத் தயார்செய்யும் சிறப்புப் பயிற்சி மையம் நடத்துவோர், பள்ளி மேலாண்மைக் குழுவினர், தலைமையாசிரியர்கள், தொண்டு நிறுவனக் களப்பணியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம்.

கணக்கெடுப்பு: பூட்டிய வீட்டுக்குள்தான் பிள்ளை இருக்கிறது

பள்ளியில் சேராத 6 முதல் 14 வயதுக் குழந்தையும், சேர்ந்த பிறகு தகவல் சொல்லாமல் 45 நாள் வராமல் போன குழந்தையும் 'பள்ளி செல்லாக் குழந்தை' என்பது தேசிய அளவில் பின்பற்றப்படும் வரையறை. களத்தில் 45 நாள் காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரம் வராத பிள்ளையின் பெயரைத் தனித் தாளில் எழுதத் தொடங்கிவிட வேண்டும்.

பகல் பதினோரு மணிக்குப் போகிற கணக்கெடுப்பு பொய்க் கணக்கெடுப்பு. அந்த நேரத்தில் வீடு பூட்டியிருக்கும், படிவத்தில் 'இல்லை' என்று விழும். காலை ஆறரைக்கு முன்னால், அல்லது மாலை ஏழுக்குப் பிறகு போங்கள். செங்கல் சூளை என்றால் கணக்கு வேறு: விடியலுக்கு முன்பே கல் அறுக்கத் தொடங்கிவிடுவார்கள், உச்சி வெயிலில்தான் குடிசைக்குத் திரும்புவார்கள். வாரக் கூலி பட்டுவாடா நடக்கும் நாளில் குடும்பம் முழுவதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டச் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் அறுவடை முடிந்து வந்து, மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுகின்றன. கோடையில் ஒரே ஒரு முறை எடுக்கும் கணக்கெடுப்பு அவர்களைப் பிடிக்கும்போது கல்வி ஆண்டே முடிந்திருக்கும். ஜனவரியில் இரண்டாவது சுற்று அவசியம்.

"பிள்ளை ஸ்கூலுக்குப் போகுதா?" என்று கேட்டால் எல்லா வீட்டிலும் "போகுது சார்" என்றுதான் பதில் வரும். அதைக் கேட்காதீர்கள். "டீச்சர் பேர் என்ன கண்ணு? இன்னிக்கு மதியம் முட்டை போட்டாங்களா?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் அந்த வீட்டில் இன்னும் பத்து நிமிடம் உட்காருங்கள்.

பெயர், வயதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு முதன்மைக் காரணத்தை எழுத வேண்டும். பொதுவாக 'வறுமை' என்று எழுதினால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பியைச் சுமந்துகொண்டு நிற்கும் பத்து வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தேவை தம்பிக்கு ஓர் இடம். அருகில் அங்கன்வாடி இருக்கிறதா, அது இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை நாள் முழுக்க வைத்துக்கொள்ளுமா, இல்லையென்றால் குடியிருப்பில் ஒரு பாட்டிக்கு மாதம் ஏதாவது கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா என்று பார்ப்பதுதான் அவளுடைய சேர்க்கைப் பணி. அதை முடிக்காமல் அவளைச் சேர்த்தால், ஒரு வாரம் தம்பியோடு வந்து, மறுவாரம் நின்றுவிடுவாள்.

சேர்க்கை: எந்தக் காகிதமும் தடை இல்லை

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் நான்கு பிரிவுகளை மனப்பாடமாக வைத்திருங்கள். பிரிவு 4: படிக்காத அல்லது பாதியில் நின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், சிறப்புப் பயிற்சி அதன் உரிமை, 14 வயது தாண்டினாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை கட்டணம் கிடையாது. பிரிவு 5: மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது. பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது. பிரிவு 15: கல்வி ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். ஆதார் இல்லாததைக் காட்டிப் பள்ளிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்பது 2018 ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சாதிச் சான்றிதழ் உதவித்தொகைக்குத்தான் வேண்டும், சேர்க்கைக்கு வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் மருத்துவமனை அல்லது கிராம சுகாதாரச் செவிலியர் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு, எதுவும் கிடைக்காதபோது பெற்றோரின் உறுதிமொழி என்ற வரிசையில் போகலாம். இங்கே அவசரம் வேண்டாம். பலரும் கண்ணால் பார்த்து உத்தேசமாக ஒரு தேதியைப் போட்டுவிடுகிறார்கள். அதுதான் பின்னாளில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறி, ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. அம்மாவிடம் வருடம் கேட்காதீர்கள், நிகழ்ச்சி கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது பிள்ளை கைக்குழந்தையா, வர்தா புயல் அடித்தபோது (2016 டிசம்பர்) நடந்ததா, கஜாவின்போது (2018 நவம்பர்) பால் குடித்ததா? பத்து நிமிடத்தில் ஆறு மாத வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். சேர்த்த பிறகு, ஓராண்டுக்கு மேல் பதியாத பிறப்பைக் கோட்டாட்சியர் அலுவலகம் வழியாகப் பதிவுசெய்யும் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். பழங்குடியினர் சான்றிதழும் அதே அலுவலகத்தில்தான். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 ஜனவரியில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டதால், பழைய சான்றிதழை வைத்துக்கொண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பித்துத் தள்ளுபடி வாங்க வேண்டாம்.

அடுத்த முட்டுக்கட்டை எமிஸ், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு. பிள்ளையின் பெயர் ஏற்கெனவே வேறொரு பள்ளியில் 'படித்துக்கொண்டு' இருக்கும். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்ற பயத்தில் சில பள்ளிகள் வராத பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு (வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும்படி விடுவித்த பெயர்களின் பட்டியல்) அனுப்பாமல் வைத்திருக்கும். அப்போது புதிதாக ஓர் எண் உருவாக்கிவிடாதீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் இருந்தால் சீருடையும் பாடநூலும் எந்தப் பள்ளிக் கணக்கில் என்ற தகராறு ஆண்டு முழுக்க ஓடும். பழைய பள்ளிக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை, அதன் நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. ஒரு வாரத்தில் நகரவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண். அதுவரை பிள்ளை வகுப்பில் உட்காரலாம், சத்துணவு சாப்பிடலாம்.

எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது

எழுத்துத் தேர்வு வைத்தால் முதல் நாளே பிள்ளை பயந்துவிடும். ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடம், தரையில் உட்கார்ந்து, வாய்மொழியாக. தமிழில் ஐந்து படி: எழுத்து தெரியாது, எழுத்து தெரியும், சொல் வாசிக்கும், இரண்டு வரிப் பத்தி வாசிக்கும், சிறு கதை வாசிக்கும். கணக்கில் ஒன்பது வரை எண், தொண்ணூற்றொன்பது வரை எண், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். வயதைப் பார்க்காமல் இந்தப் படியை வைத்து மூன்று குழுவாகப் பிரியுங்கள்.

ஒரு விஷயம் அடிக்கடி கண்ணில் படும். பாசிமணி விற்ற பிள்ளைக்கு, பொறுக்கிய பழைய இரும்பை எடைக்குப் போட்ட பிள்ளைக்கு மனக்கணக்கு நன்றாக வரும். "மூணு மாலை நாப்பத்தஞ்சு ரூபான்னா, நூறு குடுத்தா மீதி எவ்வளவு?" என்றால் உடனே ஐம்பத்தைந்து. அதையே 100 - 45 என்று பலகையில் எழுதினால் விழிக்கும். இந்தப் பிள்ளையை 'கணக்கு தெரியாது' குழுவில் போட்டால் இரண்டே நாளில் சலித்துப்போகும். வாயால் சொன்ன கணக்கை அதே நிமிடம் எண்ணாக எழுதிக் காட்டுங்கள். எழுத்துக் கழித்தல் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகளுக்கு முதல் ஒரு மாதம் தமிழ் எழுத்தே வேண்டாம். பேச்சு, பாட்டு, பெயர் சொல்லி அழைத்தல், கடைப் பொருள்கள். ஊர் திரும்பப்போகும் பிள்ளை என்றால் அதன் தாய்மொழிப் பாடநூலும் கையில் இருக்கட்டும். தமிழில் மட்டும் ஆறு மாதம் படித்துவிட்டுப் போனால் அங்கே மறுபடி கடைசி வரிசைதான்.

மையம்: பள்ளிக்குள் இன்னொரு பள்ளி ஆகிவிடக் கூடாது

விதிப்படி சிறப்புப் பயிற்சி குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு. பள்ளி வளாகத்திலோ பாதுகாப்பான உறைவிடத்திலோ நடக்கலாம். முடிந்தவரை வளாகத்தைத் தேர்ந்தெடுங்கள். குடியிருப்புக்குள்ளேயே மையம் வைத்தால் வருகை நன்றாக இருக்கும், ஆனால் அங்கிருந்து பள்ளிக்கு மாற்றும் நாளில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். தெருவைத் தாண்டும் பழக்கமே அவர்களுக்கு வந்திருக்காது. குடியிருப்பில் தொடங்கியே ஆக வேண்டிய நிலை என்றால் ஆறு வாரத்துக்கு மேல் அங்கே நீட்டாதீர்கள்.

ஒரு பயிற்றுநருக்கு 20 முதல் 25 பிள்ளைகள். நாளின் அமைப்பு எங்கள் கணிப்பில் இப்படி இருந்தால் ஓடும்: காலையில் தமிழ் இரண்டு மணி நேரம், இடைவேளை, கணக்கு ஒன்றரை மணி நேரம், மதிய உணவுக்குப் பிறகு ஆங்கிலம் முக்கால் மணி. மீதி நேரம் அவரவர் வயது வகுப்போடு. ஓவியம், விளையாட்டு, காலை வணக்கக் கூட்டம், சாப்பாட்டு வரிசை எல்லாம் முதல் வாரத்திலிருந்தே வழக்கமான வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்துதான். இதைச் செய்யாத மையங்களில் 'சென்டர் பசங்க' என்ற பெயர் விழுந்துவிடுகிறது. அந்தப் பெயர் ஒட்டிய பிள்ளை எட்டு மாதம் கழித்து ஆறாம் வகுப்புக்குள் நுழையும்போது அங்கே பேச ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, இப்போது ஐந்தாம் வகுப்பு வரை கிடைக்கிறது. அதிகாலையில் பெற்றோர் வேலைக்குப் போய்விடும் வீடுகளுக்கு இதைவிடப் பெரிய ஈர்ப்பு இல்லை. மையப் பிள்ளைகளின் எண்ணிக்கை காலை உணவுக் கணக்கிலும் சத்துணவுக் கணக்கிலும் ஏறியிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஏறாவிட்டால் 'இருக்கிறதைப் பங்கு போடுங்க' என்று ஆரம்பித்து, முட்டை நாளில் சண்டையில் முடியும்.

வகுப்புக்கு மாற்றுவது எல்லாரையும் ஒரே தேதியில் அல்ல, பிள்ளை பிள்ளையாக. இரண்டு வரிப் பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கிறது, கடன் வாங்கிக் கழிக்கிறது, தொடர்ந்து ஒரு மாதம் முக்கால்வாசி நாள் வந்திருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் மாற்றலாம். மூன்றில் வருகைதான் முக்கியம்; வாசிப்பில் கொஞ்சம் பின்தங்கிய ஆனால் தவறாமல் வரும் பிள்ளை தப்பித்துக்கொள்ளும்.

பணம்: எதற்கு வரும், எதற்கு வராது

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புப் பயிற்சிக்கு ஆண்டுக்கு ஒரு குழந்தைக்கு அதிகபட்சம் ரூ.6,000. உறைவிட வசதியோடு என்றால் ரூ.20,000. இது உச்சவரம்பு, ஒப்புதல் இதற்குக் கீழேயும் வரலாம்.

25 பிள்ளைகள் என்றால் ரூ.1,50,000. பயிற்றுநருக்கு மாதம் ரூ.10,000 என்று வைத்தால் பத்து மாதத்துக்கு ஒரு லட்சம் போய்விடும். மீதி ஐம்பதாயிரத்தில் கற்றல் பொருள்களுக்குப் பிள்ளைக்கு 500 வீதம் 12,500, வீட்டுச் சந்திப்புக்கான போக்குவரத்து மாதம் ஆயிரம் வீதம் 10,000, பெற்றோர் கூட்டங்களுக்கு 5,000. மிஞ்சும் 22,500ஐத் தொடாதீர்கள். வகுப்புக்கு மாறிய பிள்ளைகளைப் பின்தொடர அதுதான் பணம். பெரும்பாலான வரவு செலவுத் திட்டங்களில் இந்த வரியே இருப்பதில்லை.

பிள்ளைகள் 12 பேர்தான் என்றால் மொத்தமே 72,000. பயிற்றுநர் ஊதியத்துக்கே போதாது. பட்டியலில் பெயரை ஊதிப் பெருக்கும் ஆசை இங்கேதான் முளைக்கிறது. தணிக்கையில் பிடிபடுவது ஒருபுறம் இருக்கட்டும். இல்லாத பதின்மூன்று பேருக்கு 'வகுப்புக்கு மாற்றப்பட்டார்' என்று எழுத வேண்டிய கட்டாயம் அடுத்து வரும். பக்கத்துக் குடியிருப்பையும் சேர்த்து ஒரே மையமாக்குங்கள், அல்லது பள்ளி ஆசிரியர் ஒருவரே பயிற்சி அளிக்கும் முறைக்குப் போங்கள். விதி அதற்கு இடம் தருகிறது.

போக்குவரத்துக்குத் தனியாக ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ரூ.6,000 வரை உண்டு. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இல்லாத குடியிருப்புகளுக்கு இதைக் கேட்கலாம். பத்து மாதக் கணக்கில் பிள்ளைக்கு மாதம் 600. பன்னிரண்டு பேருக்கு மாதம் 7,200, அதாவது 22 வேலை நாளுக்கு நாளொன்றுக்கு சுமார் 327 ரூபாய். ஒரு ஷேர் ஆட்டோக்காரரிடம் இந்தத் தொகையைச் சொல்லிப் பேசுங்கள். தூரம் குறைவு, சாலைதான் ஆபத்து என்றால் ஆட்டோ வேண்டாம். குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தாயையே துணைக்கு அமர்த்துங்கள். எந்த வீட்டில் பிள்ளை இன்னும் எழவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

பணம் ஜூனில் வராது. முதல் தவணை சில மாதம் தள்ளித்தான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-25இல் ஒன்றிய அரசின் பங்கே தமிழ்நாட்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. மூன்று மாதச் செலவைத் தாங்கும் இன்னொரு கை இல்லாமல் மையம் தொடங்கினால் செப்டம்பரில் பயிற்றுநர் போய்விடுவார், அவரோடு பிள்ளைகளும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கும் தொண்டு நிறுவனம் 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகளோடு, அந்த நிதியைப் பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவையும் முடித்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம். அந்த நிதியைக் கேட்கும்போது கட்டடமும் ஸ்மார்ட் போர்டும் கேட்காதீர்கள். பயிற்றுநர் ஊதியமும் பின்தொடர்தல் செலவும் கேளுங்கள்.

குடும்பத்தின் கைக்குப் போகும் உதவி

தந்தை இல்லாத, பெற்றோர் கடும் நோயில் இருக்கிற, உறவினர் வளர்க்கிற பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவில் மாதம் ரூ.4,000 கிடைக்கும். ஆண்டு வருமானம் கிராமத்தில் ரூ.72,000க்கும் மற்ற இடங்களில் ரூ.96,000க்கும் மேல் போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பித்தால் கள விசாரணைக்குப் பிறகு முடிவாகும். மாதங்கள் பிடிக்கும் என்பதால் சேர்க்கை வாரத்திலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

சூளையிலோ அரிசி ஆலையிலோ முன்பணத்துக்காகக் குடும்பமே வெளியேற முடியாமல் இருந்தால் அது கொத்தடிமை முறை. கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்றிதழ் தர வேண்டிய விவகாரம். பள்ளிச் சேர்க்கைப் பேச்சோடு அதைத் தீர்க்க முயலாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தகவல் போகட்டும்.

தனியார் பள்ளிகளில் நலிவடைந்த பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காடு இடம் பற்றி நிறையப் பெற்றோர் கேட்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 12(1)(சி) எல்கேஜி, ஒன்றாம் வகுப்பு நுழைவுக்கு மட்டுமே. பத்து வயதில் திரும்பும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை. அதன் தங்கைக்கு உண்டு. ஒரு கிலோமீட்டர் சுற்றளவு, நலிவடைந்த பிரிவென்றால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குக் கீழ். அங்கேயும் சீருடை, வேன் செலவை யார் தருவார் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

முதல் அறுபது நாள்

வகுப்பு ஆசிரியரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: பிள்ளை எதுவரை வாசிக்கும், எது வராது, வீட்டில் யார், அலைபேசி எண். முதல் நாள் எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று வாய்விட்டே சொல்லுங்கள். வகுப்பில் பெரிய உடம்போடு உட்காரும் பிள்ளைக்கு நடு வரிசையில், ஏற்கெனவே பழகிய ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இடம். குடியிருப்பிலிருந்து ஒரே ஒரு பிள்ளையைத் தனியாக ஒரு வகுப்புக்கு அனுப்புவதைவிட இரண்டு வாரம் பொறுத்து இருவராக அனுப்புவது மேல். கேலியும் அடியும் நடந்தால், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கும் பிரிவு 17 அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் முதலில் தலைமையாசிரியரோடு நேரில் ஒரு பேச்சு.

வராத நாளுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். முதல் நாள் அலைபேசி. மூன்றாம் நாள் வீடு. ஏழாம் நாள் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒருவரும் ஆசிரியர் பயிற்றுநரும் சேர்ந்து போக வேண்டும். பத்தாம் நாள் போனால் பிள்ளை ஏற்கெனவே வேலைக்குப் பழகியிருக்கும், இருநூறு முந்நூறு ரூபாய் வீட்டுக்கு வரத் தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகு பேசுவது கடினம்.

வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி முன்பணம் கொடுக்கும் மாதங்களைக் குடியிருப்புவாரியாகக் குறித்துவையுங்கள். கரும்பு வெட்டுக்குப் போகும் குடும்பமா, சூளைக்குப் போகும் குடும்பமா என்பதைப் பொறுத்து மாதம் மாறும். முன்பணம் வாங்குவதற்கு முந்தைய வாரம்தான் பேச வேண்டிய வாரம்: பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விடலாமா, பெண் குழந்தை என்றால் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளி, மற்றபடி நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் உண்டு உறைவிடப் பள்ளி கிடைக்குமா என்று. எதுவும் முடியாமல் பிள்ளையும் கூடவே போகிறது என்றால், எமிஸ் எண், வகுப்பு, படிக்கும் நிலை மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி, லேமினேட் செய்து அம்மாவிடம் கொடுங்கள். போகும் ஊரின் வட்டார வள மையத்துக்கு நீங்களே பேசுங்கள்.

வயது தாண்டியவர்கள்

பதின்மூன்று, பதினான்கு வயதில் எழுத்து மட்டும் தெரிந்த நிலையில் வருபவரை எட்டாம் வகுப்பில் உட்கார வைத்தால் சட்டம் நிறைவேறும், படிப்பு நடக்காது. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி என்ற கொள்கையைத் தமிழ்நாடு தொடர்வதால் சான்றிதழும் கிடைத்துவிடும்; ஒன்பதாம் வகுப்பின் முதல் தேர்வில் காணாமல் போவார். இவர்களுக்குப் பயிற்சிக் காலத்தை முழு இரண்டு ஆண்டுக்கு நீட்டிக் கேளுங்கள். பள்ளிக்கே வர மறுப்பவர் பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 வயதிலிருந்து தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். 16 முதல் 19 வயது வரை இடைநின்றவர்களுக்குத் திறந்தநிலைப் படிப்புக்காக ஆண்டுக்கு ரூ.2,000 வரை திட்டத்தில் இடம் உண்டு.

இரண்டாம் ஆண்டு

மையம் மூடிய பிறகும் பழைய பட்டியலை எறியாதீர்கள். அடுத்த ஆண்டு ஜூலை, அக்டோபர், பிப்ரவரி என மூன்று முறை அந்தப் பெயர்களைப் பள்ளிப் பதிவேட்டில் தேடாமல், வகுப்பறை வாசலில் நின்று முகம் பாருங்கள். 25இல் எத்தனை முகம் என்பதை அந்தந்த மாதத் தேதியோடு எழுதி, காணாதவர்களுக்கு எதிரே மீண்டும் ஒரே ஒரு காரணம். அந்தத் தாள்தான் அடுத்த கணக்கெடுப்பின் முதல் பக்கம்.